ரேடியேட்டர் மாற்றியும் கார் கொதிப்பது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். ரேடியேட்டரோ வாட்டர் பம்போ புதிதாகப் போட்டு, பணத்தையும் கட்டிவிட்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் வெப்ப முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அப்படி வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் இன்னொரு பாகத்தை மாற்றச் சொல்வது அநியாயம். முதலில் கேட்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பதைத்தான்.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியானால் ரேடியேட்டர் வழியாக வெளிக்காற்று போகவில்லை, ஃபேனைப் பாருங்கள். வேலை பார்த்தபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் மின்சார ஃபேன் எதிர்ப்பக்கம் சுழலும். ஃபேன் ஓடும்போது வண்டியின் முகப்பில் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி, வெளியே தள்ளினால் தவறு. தஞ்சாவூர் சாலையில் வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சுற்றோட்டத்தில் குறை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், அல்லது உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ்.

வேலை முடிந்த அன்றே முள் சட்டென்று ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது உள்ளே சிக்கிய காற்றை. கூலண்டை வடித்துவிட்டு மறுபடி ஊற்றும்போது இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று தங்கிவிடும். அந்த இடத்தில் திரவம் படாது, சூடும் வெளியேறாது. இன்ஜின் கொதிக்கும் நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறதா? உள்ளே காற்று நிற்கிறது, இல்லையென்றால் கூலண்ட் குறைந்திருக்கிறது.

சிக்கிய காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்த வேண்டும். நம் டெல்டாவில் ஏற்றம் ஏது? அதனால் பட்டறையில் சாய்தளம் வைத்திருக்கிறோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். குமிழிகள் வர வர, மட்டம் இறங்க இறங்க, கூலண்ட் ஊற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள், சூட்டுக்கேற்பக் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்; அப்போது மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பிக் குமிழி நின்ற பிறகே மூட வேண்டும். மறுநாள் காலை, ஆறிய நிலையில், மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும். சில கார்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு இருக்கும். அவசரத்தில் இத்தனையையும் விட்டுவிட்டு வண்டியைக் கையில் கொடுப்பதால்தான் பாதித் தொல்லை.

அந்த மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அது தாங்கினால் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். இன்னொன்று, "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று கழற்றி எறிகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும்.

நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. குறுவை, சம்பா அறுவடை நாள்களில் சாலையெல்லாம் நெல் காய்கிறது; வைக்கோல் தூசியும் பதரும் பறக்கின்றன. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரற்கடை இடைவெளியில் அது மெத்தையாகப் படிகிறது. முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். புது ரேடியேட்டரைப் போட்டுவிட்டுக் கண்டன்சரின் பின்புறத்தைக் கழுவாமல் விட்டால் என்ன பயன்? இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, மெல்லிய நீர்வீச்சில் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் அந்தத் தகடுகள் தொட்டாலே உதிர்கின்றன. அங்கே போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி போதும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கொதித்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். அது பழுதாகியிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் விறைத்துக்கொள்ளும். கசிவே தெரியாமல் கூலண்ட் குறையும். வெண்புகையில் இனிப்பு வாடை வரும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலச் சோதனைத் திரவம், இன்ஜினுக்குள் எரிந்து வரும் புகை பட்டு மஞ்சளானால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹெட்டைக் கழற்றியதும் புது கேஸ்கட்டை அப்படியே வைத்து மூட விடாதீர்கள். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் செருகி, ஹெட் வளைந்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.