கையால் தட்டினாலும் எரியவேண்டும்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்கு, போனிலிருந்தே விளக்கைப் போட்டு அணைக்கிற ஸ்மார்ட் ஸ்விட்ச் போடலாமா, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்காத ஆளே இப்போது இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரும் அதைத்தான் கேட்கிறார். நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. வயரிங் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்குத் தோன்றுவதே வேறு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த ஸ்விட்ச் என்ன செய்யும்? நெட் இல்லாத நேரத்தில் கையால் தட்டினால் விளக்கு எரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எல்லாப் பொருளும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், கடையில் காட்டுவதும் அந்த நேரத்தைத்தான்.

முதலில் கரண்ட் போவதை எடுத்துக்கொள்வோம், நமக்குப் பழகிய விஷயம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன கரண்ட் திரும்புகிறது, வீட்டில் இருக்கிற ஸ்மார்ட் பல்பு எல்லாம் பளீரென்று எரிகிறது, தூங்குகிற குழந்தை எழுந்து அழுகிறது. பல்பில் பழுது ஒன்றுமில்லை. சுவரில் ஸ்விட்சைப் போட்டால் எரியவேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். யாரோ ஸ்விட்ச் போட்டதும் இ.பி.காரர் கரண்ட் விட்டதும் பல்புக்கு ஒன்றுதான். நல்ல பொருளாக இருந்தால் ஆப்பில் இதற்கென்று ஒரு இடம் இருக்கும்: கரண்ட் வந்ததும் எரியட்டும், அணைந்தே இருக்கட்டும், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அது இல்லாத பொருளை வாங்காதீர்கள். கீசர், மோட்டார் மாதிரி சமாச்சாரங்களுக்கு அணைந்தே இருக்கட்டும் என்பதை வையுங்கள். அப்புறம், ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். கரண்ட் வந்து அது கண்விழித்து நெட்டைப் பிடிக்கவே சில நிமிஷம் ஆகும், அதுவரை வைஃபை ஸ்விட்ச் ஆப்புக்கு எட்டாது.

அதனால்தான் நான் ஸ்மார்ட் பல்பை அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. வீட்டுக்கு வந்த பெரியவர் பழக்கத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே இல்லை, பிறகு நீங்கள் ஆப்பில் எத்தனை தடவை தட்டி என்ன பயன்? பழைய ஸ்விட்சுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே வைக்கிற சின்ன ரிலே மாட்யூல் கிடைக்கிறது. ஸ்விட்ச் அதே இடத்தில் இருக்கும், பாட்டி தட்டினாலும் எரியும், நீங்கள் ஆபீசிலிருந்து தட்டினாலும் எரியும்.

இதற்கு போர்டில் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப்போகிற வயர், வேண்டும். மாட்யூலுக்குள் இருக்கிற வைஃபைக்கும் தீனி வேண்டுமே! நம் ஊரில் ஒரு வசதி, பெரும்பாலான போர்டுகளில் ஸ்விட்சோடு ஒரு பிளக் பாயின்டும் இருக்கும். பிளக் இருந்தால் அங்கே நியூட்ரல் வந்திருக்கிறது. மாடிப்படியில் தனியாக இருக்கிற போர்டில்தான் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரலே வேண்டாம் என்று விற்கிற ஸ்விட்சும் உண்டு, அது பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை ஓடவிட்டுத் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. ஐந்து வாட் எல்இடி அணைத்த பிறகும் இருட்டில் மினுக் மினுக்கென்று மின்னும். அதைப் பார்த்துவிட்டு யாராவது பக்கத்து லைனிலிருந்து நியூட்ரலை இழுத்துத் தருகிறேன் என்றால் விடாதீர்கள், இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் இ.பி. லைன் நியூட்ரலும் கலந்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பாதுகாப்பு ஸ்விட்ச், காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும்.

சரி, மோட்டார் கதைக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி தில்லைநகரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீடு. பையன் கனடாவில். லீவுக்கு வந்தவன் அப்பா மோட்டார் போட மாடிக்கும் கீழுக்கும் அலையக்கூடாது என்று, ஸ்டார்ட்டருக்கு வரும் லைனில் ஒரு வைஃபை ஸ்விட்சை மாட்டி, ஸ்டார்ட்டரை எப்போதும் ஆனிலேயே இருக்கும்படி கட்டிவைத்துவிட்டுப் போனான். நல்ல எண்ணம்தான். சில மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் சாயங்காலம் சார் போன் செய்கிறார்: "தம்பி, ஆப்பில் ஆஃப் என்று காட்டுகிறது, மோட்டார் ஓடுகிறது." எதிர்வீட்டு அம்மா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து "சார், தண்ணி வழியுது, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க" என்று கத்துவது போனிலேயே எனக்குக் கேட்டது. பையனையும் இன்னொரு போனில் பிடித்திருக்கிறார். அங்கே விடியற்காலை. அவனும் ஆப்பைப் பார்த்துவிட்டு "ஆஃப்லதானேப்பா இருக்கு" என்கிறான். இங்கே தெருவே நனைந்துகொண்டிருக்கிறது! மெயினை இறக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஸ்விட்சைக் கழற்றி, உள்ளே இருந்த ரிலேயின் மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து சாரிடமே காட்டினேன். அரிசி அளவு இரண்டு உலோகப் புள்ளிகள். ஆன் என்றால் தொடும், ஆஃப் என்றால் விலகும், அவ்வளவுதான் ரிலே. அந்த இரண்டும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நகத்தால் தள்ளினேன், அசையவில்லை. ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டியதும் டக்கென்று விட்டது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறானே, நம் மோட்டார் ஒரு ஹெச்பிதானே" என்றார்.

நியாயமான கேள்வி. ஒரு ஹெச்பி என்பது 746 வாட், அதுவும் மோட்டார் வெளியே தருகிற வேலைக்கணக்கு. ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும், 10-க்குள்தான். ஆனால் கிளம்புகிற அந்த நொடியில் அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும், முப்பது ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் அச்சடித்த 10 ஆம்பியர் என்பது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரி ஆரம்பத்திலிருந்து ஒரே சீராக இழுக்கிற பொருளுக்குச் சொன்னது. மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளிகளில் தீப்பொறி பறந்து, ஒருநாள் வெல்டிங் ஆகிவிடுகிறது. எல்இடி விளக்குக்குக் கரண்டை மாற்றித் தருகிற டிரைவர்கூட ஏழெட்டு சேர்ந்து ஒரே ஸ்விட்சில் இருந்தால் போட்ட மாத்திரத்தில் இப்படி ஒரு இழுப்பு இழுக்கும், ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் கவனிக்கவும்.

செய்யவேண்டியது என்ன? வைஃபை ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் காண்டாக்டர் என்கிற பெரிய ரிலே ஒன்று போடவேண்டும். வைஃபை ஸ்விட்ச் காண்டாக்டரை இழுக்கிற காயிலை மட்டும் இயக்கும், மோட்டார் கரண்டைக் காண்டாக்டர் தாங்கும். சார் வீட்டில் அதைத்தான் செய்தேன். தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்சும் காயில் லைனில் கோத்தேன், தொட்டி நிறைந்தால் ஆப்பும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், கனடாவும் வேண்டாம், தானாக நிற்கும்.

இன்னொன்றையும் இந்தக் கதையிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஆப் காட்டிய ஆஃப் என்பது, ஆஃப் ஆகு என்று தான் போட்ட உத்தரவு மட்டும்தான். மோட்டார் நின்றதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. எத்தனை வாட் ஓடுகிறது என்று அளந்து காட்டுகிற ஸ்விட்சாக இருந்தால், ஆஃப் சொன்ன பிறகும் 1000 வாட் ஓடுவதைக் காட்டிக்கொடுத்திருக்கும். மோட்டாருக்கும் கீசருக்கும் அளக்கிற வகையையே வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான்.

அடுத்து சென்சார். ஆள் வந்தால் விளக்கு போடும் சாதாரண சென்சார், பிஐஆர் என்பார்கள், அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கிற சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மார்கழியில் அருமையாக வேலை செய்கிற அதே சென்சார் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத ஹாலில், சுவரும் உங்கள் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது உங்களைக் கண்டுகொள்ளாது. சென்சார் கெட்டுவிட்டது என்று மே மாதம் கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பேப்பர் படித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே கதி, விளக்கு அணைந்துவிடும். ரேடார் வகை வந்திருக்கிறது, நீங்கள் மூச்சு விடுவதைக்கூடப் பிடிக்கும். சீலிங் ஃபேன் சுற்றுவதையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும் என்பதுதான் தொல்லை. வைக்கிற இடத்தையும் எட்டும் தூரத்தையும் சரிசெய்ய வேண்டும். பாத்ரூமுக்கு, படிக்கட்டுக்கு பிஐஆர் போதும்.

கதவு சென்சார் பற்றிக் கவலைப்படாதீர்கள், உள்ளே ஒரு காந்தமும் காந்தம் நெருங்கினால் சேருகிற சின்ன ஸ்விட்சும்தான், விலை குறைந்ததே நன்றாக உழைக்கும். பேட்டரி மட்டும் சாதாரண கடையில் கிடைக்கிற வகையா என்று பாருங்கள். தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கிற சென்சாரில், கம்பி தொங்கவிடுகிற வகை போர்வெல் உப்புத் தண்ணீரில் காரை பிடித்துப் போய்விடும். மேலிருந்து ஒலி அனுப்பி அளப்பதும் உண்டு, ஆனால் தண்ணீர் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிட்டால் அதற்கு அளக்கத் தெரியாது, கொஞ்சம் உயர்த்தி மாட்டவேண்டும். எனக்குப் பிடித்தது மிதவைதான், மறுபடியும் சொல்கிறேன், மிதவை.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். வைஃபையா, ஸ்மார்ட் பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ என்கிற இன்னொரு வயர்லெஸ் முறையா என்று இரண்டு பக்கம் எழுதிவந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பொருளுக்குள் வைஃபை போதும், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் ஜிக்பீ. கரண்டில் ஓடுகிற ஜிக்பீ ஸ்விட்ச் பெரும்பாலும் பக்கத்து அறைக்குச் செய்தியைக் கடத்தும், பேட்டரியில் ஓடுவது கடத்தாது. வெளிநாட்டிலிருந்து இசட்-வேவ் என்கிற வயர்லெஸ் முறைப் பொருளை வாங்கிவராதீர்கள், அமெரிக்காவில் அதன் அலைவரிசை வேறு, இங்கே வேறு. கம்பெனி சர்வரையே நம்பியிருப்பதும் ஆபத்து: 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்மார்ட் ஸ்விட்ச் விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது, ஆப் செத்தது, ஆனால் சுவர் ஸ்விட்சுகள் எரிந்தன. பிறகு வாடிக்கையாளர்களே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி மறுபடி ஓட்டினார்கள். அதே வருஷம் வந்த, பல கம்பெனிகளுக்கும் பொதுவான மேட்டர் என்கிற முறையின் முத்திரை உள்ள பொருள் கிடைத்தால், கம்பெனி சர்வரை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும்.

பாஸ்வேர்டுக்கு நேரமில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எது மாட்டுவதானாலும் மெயினை இறக்காமல் போர்டைத் திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை இறக்கினாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும், அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வணக்கம்.