முதல் டிராக் ஒப்பனை: புருவத்தை மறைப்பதிலிருந்து தொடங்குவோம்

[திரையில்: ஒப்பனை இல்லாத முகம், கண்ணாடி, மேசை விளக்கு]

வணக்கம். டிராக் என்பது, பெரும்பாலும் ஆண்கள் மிகையான பெண் வேடமிட்டு மேடையேறும் கலை. அதன் ஒப்பனையை முதன்முறையாக முயல்பவர்கள் பெரும்பாலும் ஐ ஷேடோவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் பாடுபட்ட பிறகு கண்ணாடியில் தெரிவது, கொஞ்சம் தாராளமாகப் பூசிக்கொண்ட அதே பழைய முகம்தான். இருக்கும் முகத்தை எடுத்துக்காட்டுவது அன்றாட ஒப்பனை. டிராக் கலைஞரோ அந்த முகத்தை முதலில் அழித்துவிட்டு, வெற்றுப் பரப்பில் வேறொன்றை வரைகிறார். அழிக்க வேண்டியவற்றுள் புருவம்தான் எளிதில் பணியாதது என்பதால், இந்த வீடியோவின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

புருவம் தொடங்கும் இடத்தில் கண்ணுக்கு உரிய இடம் முடிந்துவிடுகிறது. அதை மறைத்து ஒரு விரற்கடை மேலே புதிதாக வரைந்தால், நடுவில் வண்ணம் தீட்டத் தாராளமான இடம் கிடைக்கும். அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த டிராக் கலைஞர் டிவைனுக்கு ஒப்பனை செய்த வான் ஸ்மித், நெற்றி முழுவதும் போதாதென்று டிவைனின் முன்தலை முடியையும் மழித்து இடம் தேடினார். நமக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் க்ளூ ஸ்டிக் போதும்.

[திரையில்: ஊதா நிற க்ளூ ஸ்டிக், சிறிய சீப்பு]

நீரில் கரையும் என்றும் நச்சற்றது என்றும் உறையில் குறிப்பிட்டிருக்கும் க்ளூ ஸ்டிக்கை மட்டும் வாங்குங்கள். நொடியில் ஒட்டும் பசைகளை முகத்தின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். ஊதா நிறமாகப் பூசப்பட்டு, காய்ந்ததும் நிறம் மறையும் வகை கிடைத்தால், காய்ந்துவிட்டதா என்று ஊகிக்கும் வேலை மிச்சம். முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். அரிதாரம் பூசுவது என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம் என்பதை நினைத்தால், ஒரு நாள் காத்திருப்பது பெரிய விஷயமாகத் தோன்றாது.

புருவத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் க்ளூ பிடிக்காது; ஆகவே முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடி வளரும் திசைக்கு எதிராகவும், பிறகு அதே திசையிலும் தேய்த்தால்தான் ஒவ்வொரு முடியின் அடிப்பக்கமும் நனையும். ஈரம் இருக்கும்போதே முடிகளை மேல்நோக்கிச் சீவி, தோலோடு தட்டையாகப் படியவைத்து, முழுவதும் காயும்வரை பொறுத்திருங்கள். மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை பூச வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் அப்பினால் உள்ளே காயாமல், நீங்கள் முதல்முறை சிரிக்கும்போதே வெடித்துவிடும். கடைசிப் படலம் காய்ந்ததும் நிறமற்ற பவுடரை பஃபால் அழுத்துங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், நேரே பார்க்கும்போது மறைந்திருந்த மேடு பள்ளங்கள் அப்படியே தெரியும்.

[திரையில்: ஆரஞ்சு கரெக்டர் பூசிய புருவமும் தாடையும்]

மேற்பரப்பு சமமானாலும் முடியின் கருமை நீலச் சாம்பலாக எட்டிப் பார்க்கும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு என்பதால், ஃபவுண்டேஷனுக்கு முன்னால் அந்த இடத்தில் ஆரஞ்சு கரெக்டர், அதாவது அடியில் தெரியும் நிறத்தை அடக்கும் பூச்சு, தேவை. மாநிறத்துக்கும் கருத்த தோலுக்கும் சிவப்பு கலந்த அடர் ஆரஞ்சே பொருந்தும். மழித்த தாடியின் நிழலுக்கும் இதே மருந்துதான். இதன்மேல் குச்சி வடிவக் கெட்டி ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றிப் படியவையுங்கள். தேய்த்தால் இவ்வளவு நேரம் ஒட்டிய க்ளூ உரிந்து வந்துவிடும்.

அடித்தளம் சரியாக அமைந்துவிட்டால், மற்றவை பயிற்சியில் கைவரும். கன்ன எலும்பின் கீழும் தாடையின் ஓரத்திலும் அடர் நிறத்தால் நிழல் கொடுத்து, கண்ணின் கீழும் மூக்குத்தண்டின் மேலும் வெளிர் நிறம் வையுங்கள். கீழிமைக்குச் சற்றுக் கீழே புதுக் கோடு வரைந்து, இடைவெளியை வெள்ளையால் நிரப்பினால் கண் பெரிதாகும். பொய் இமைமுடியின் பசை சிறிது இறுகும்வரை அரை நிமிடம் காத்திருந்து ஒட்டுங்கள். அருகில் பார்த்தால் எல்லாமே மிகையாகத்தான் இருக்கும். மேடை விளக்கு முகத்தின் நிழல்களை விழுங்கிவிடும் என்பதற்காகத்தான் இந்த மிகை. எனவே பத்தடி தள்ளி நின்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் தடவைக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் அமையவில்லை என்றால், அதற்காக எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம்.

[திரையில்: வெந்நீரில் நனைத்த துணி]

கலைக்கும்போது முதலில் எண்ணெயால் வண்ணங்களை இளக்கித் துடைத்து எடுங்கள். க்ளூ எண்ணெய்க்கு இளகாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் புருவத்தின்மேல் சில நிமிடங்கள் வைத்திருந்தால் குழைந்துவிடும். அதன் பிறகு முடி வளரும் திசையில் மெதுவாக வழித்தெடுங்கள். பிய்த்து இழுத்தால் க்ளூவோடு உங்கள் சொந்தப் புருவமும் வந்துவிடும்.