லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி?

[காட்சி: சேலம், ஃபேர்லேண்ட்ஸ். வீட்டு வாசலில் சாம்பல் நிற இரண்டு கதவு கார். காலை ஆறரை மணி. இன்ஜின் ஓடவில்லை.]

வணக்கம். இந்த வண்டி 2012-ல் பதிவான போர்ஷே பாக்ஸ்டர். 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 255 குதிரைத்திறன். மீட்டரில் 1,18,400 கிலோமீட்டர். போன மாதம் விற்பனைக்கு வைத்தேன். போன் செய்த பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, லட்சம் தாண்டிருச்சுங்களா?" ஆமாம் என்றதும் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்தார். "சார், மீட்டரை ஐம்பதாயிரத்துல நிறுத்திடலாம், நான் பார்த்துக்கறேன்" என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை. இந்த வண்டி ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரையும் நான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். அதை ஏன் அழிக்க வேண்டும்? ஓடியதை மறைக்காமல், எப்படி ஓடியது என்று காட்டி விற்க முடியும். அதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன். இன்று காலை ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வண்டி பார்க்க வருகிறார். அவர் வருவதற்குள் பேசிவிடலாம்.

[காட்சி: மடிக்கணினித் திரையில் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கருவியின் அறிக்கை.]

முதலில் இதைப் பாருங்கள். இந்த வண்டியின் இன்ஜின் கணினி, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பதிந்து வைத்திருக்கும். சாதாரண ஸ்கேனரில் பெரும்பாலும் வராது. இந்த பிராண்டுக்கான கருவி வைத்திருக்கும் பட்டறையில் எடுக்க வேண்டும். என் வண்டியில் 2,140 மணி நேரம்.

இப்போது ஒரு வகுத்தல் கணக்கு. 1,18,400-ஐ 2,140-ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு சராசரி 20 என்று வையுங்கள். அதே தூரத்துக்கு அதன் இன்ஜின் 5,920 மணி நேரம் சுற்றியிருக்கும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பு மாதிரி இடங்களில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஓடிய இன்ஜின் அது. என் வேலை பெங்களூரில். வாரம் ஒருமுறை போக வர 400 கிலோமீட்டர், தொப்பூர் வழியாக. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே சீராக ஓடிய தூரம் அது. கார் இன்ஜினுக்கு அதிகத் தேய்மானம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான். ஒருமுறை ஸ்டார்ட் செய்து 200 கிலோமீட்டர் போவதும், 200 கிலோமீட்டருக்கு நாற்பது முறை ஸ்டார்ட் செய்வதும் ஒன்றாகுமா?

புரோக்கர் சொன்னபடி 50,000 என்று மாற்றியிருந்தால் சராசரி 23-க்கு இறங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி என்று அப்புறம் எந்த வாயால் சொல்வது?

இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்ற விட்டிருந்தால், அதாவது ஓவர் ரெவ் ஆகியிருந்தால், அதுவும் இந்த அறிக்கையில் படிப்படியாகப் பிரித்து வரும். கையால் கியர் போடும் வண்டியில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஐந்திலிருந்து நாலுக்குப் போக நினைத்து இரண்டில் தள்ளிவிட்டால் இன்ஜின் கதறிவிடும். என்னுடையது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அப்படிப்பட்ட கியரை அதுவே ஏற்காது.

[காட்சி: தடித்த நீலக் கோப்பு. பில்களைப் புரட்டும் விரல்கள்.]

அடுத்து பில். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, இந்த மூன்றும் இருக்க வேண்டும். வரிசை அறுபடாமல் இருந்தால் மீட்டரின் கதையை பில்லே சொல்லிவிடும்.

வாங்க வருபவர்கள் ஆயில் பில்லைத்தான் தேடுவார்கள். நான் அவர்களுக்குக் காட்ட விரும்புவது பிரேக் ஆயில் பில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலில், புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தரநிலை கேட்பது 155 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி உள்ளே குமிழ் கட்டும். ஆயிலை அழுத்த முடியாது, குமிழை அழுத்த முடியும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். இந்த பில் வைத்திருப்பவர் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டவர் இல்லை, தன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவர். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் இன்டர்மீடியேட் ஷாஃப்ட் பேரிங் பற்றிக் கேட்பார்கள். இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு துணைத் தண்டைத் தாங்கும் பேரிங் அது, உடைந்தால் இன்ஜினே போய்விடும். நல்ல கேள்விதான். ஆனால் அது 2008 வரையிலான இன்ஜின்களின் சங்கதி. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது. விற்பவருக்கு இந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

[காட்சி: முன் பம்பரின் இருபுறக் காற்றுத் துவாரங்கள்.]

இங்கே கொஞ்சம் குனிந்து பாருங்கள். இன்ஜின் இருப்பது இருக்கைக்குப் பின்னால். ஆனால் ரேடியேட்டர்கள் முன்னால், பம்பருக்குள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டும்போது சில்வர் ஓக் இலைகள் இந்தத் துவாரத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். மழையில் ஊறி மட்கும், மண்ணோடு சேரும், ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அரிக்கத் தொடங்கும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறேன். விற்பதற்கு முன் கடைசியாகச் செய்த வேலையும் அதுதான். கழற்றியபோது எடுத்த படங்கள் கோப்பில் இருக்கின்றன.

பெயின்ட் அடிக்கவில்லை. முன்பக்கம் முழுக்க ஜல்லி தெறித்த புள்ளிகள். அடித்தால் பளபளக்கும், ஆனால் வாங்குபவர் கையில் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டர் இருந்தால் முதல் சந்தேகமே அங்குதான் தொடங்கும். தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும், மறுபடி அடித்தது அதைவிடத் தடித்துக் காட்டும். ஒரு வேகத்தடையில் அடி உரசிய கோடும் இருக்கிறது. அதை நானே படம் எடுத்து விளம்பரத்தில் போட்டுவிட்டேன்.

விலையில் பலரும் தடுமாறுவார்கள். செலவு செய்ததையெல்லாம் கூட்டி விலையில் ஏற்றாதீர்கள். அந்தப் பணத்துக்கு நாம் ஓட்டி முடித்துவிட்டோம். அதே மாடல், அதே வருடம் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். டயர் போன்று வாங்குபவர் உடனே செலவு செய்ய வேண்டியது என்ன என்று பார்த்து அதைக் கழித்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. அந்த வயசு டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும் அதற்கு விலை கேட்க எனக்கு மனம் வராது. இன்னொன்று, பதிவுச் சான்று 15 வருடத்துக்குத்தான். என் வண்டிக்கு 2027-ல் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்க வேண்டும். வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: ஏற்காடு சாலை, கொண்டை ஊசி வளைவில் ஏறும் கார். முந்தைய வாரப் பதிவு.]

ஓட்டிப் பார்க்க எங்கே அழைத்துப் போவது? நான் ஏற்காடுதான் சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவு. வார நாளில் விடியற்காலை போங்கள், சனி ஞாயிறு வேண்டாம். ஏறும்போது வெப்பமானி ஏறாமல் நிற்கிறதா? வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அடியில் டொக் என்று சத்தம் வருகிறதா? இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறதா? அடிவாரம் வந்து நின்றதும் பிரேக் கருகிய வாசனை அடிக்கிறதா? நேரான பைபாஸ் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போனால் இவ்வளவும் தெரியாது. போகும் முன் அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும் பாருங்கள், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குபவர் வரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் இன்ஜினின் உண்மைக் குரல் கேட்கும். இந்த வகை இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் சிறிது ஆயில் உள்ளே கசிந்து நிற்கும். சில நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு நொடி புகை விட்டு நின்றால் பயப்பட வேண்டியதில்லை. புகை தொடர்ந்து வந்தால்தான் கவலை.

[காட்சி: மேசையில் ஆர்சி, படிவங்கள்.]

பேப்பர் வேலையில் விற்பவர் ஏமாந்துவிடக் கூடாது. வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். விற்ற தகவலை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது நீங்கள். மாநிலத்துக்குள் விற்றால் அதுதான் கெடு. படிவம் 30-ல் பெயர் மாற்ற விண்ணப்பிப்பது வாங்குபவர், அவருக்கு 30 நாள். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் பதிவில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் வாங்கி, சாவி கொடுத்து, கைமாறி மூன்று பேர் தாண்டிப் போயிருந்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் டெலிவரி கொடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆர்சியில் பெயர் மாறியதை இணையத்தில் நீங்களே பாருங்கள். வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது முடிந்ததை ஆர்சியில் பதிய படிவம் 35. வெளி மாநிலத்துக்குப் போனால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போகாது, உங்களுடையது. சான்று வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வண்டிக்கு உதவும்.

[காட்சி: வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது.]

தம்பி வந்துவிட்டார். "வாங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் பார்க்கலாம்" என்றேன். "இருக்கட்டுங்கண்ணா, முதல்ல வண்டியைப் பார்த்துக்கறேனுங்க" என்றார்.

மீட்டரைக் கேட்கவில்லை. நேராக வண்டியின் பின்னால் போனார், குந்தி உட்கார்ந்தார், சைலன்ஸர் குழாயில் கையை வைத்துப் பார்த்தார். குழாய் சில்லென்று இருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.