ஊரில் அடித்த புயல், பெங்களூரு வந்தும் ஓயவில்லையா?

[காட்சி: மே மாதச் சாயங்காலம். ஒயிட்ஃபீல்ட் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடம். தகர ஷெட் வரிசை.]

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்த மழை பழக்கம்தான். திடீரென்று காற்று கிளம்பும், எங்கேயோ ஒரு மரம் சாயும், கரண்ட் போகும், நாம் "அப்பாடா, புழுக்கம் தணிஞ்சுது" என்று ஜன்னலைத் திறந்துவிடுவோம். இதே நேரத்தில் இந்த ஷெட்டுக்குள் இருக்கும் பேராவூரணிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தகரம் தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நிற்கிறார், மழையில் நனைகிறார், கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை. கூட இருப்பவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் தலைக்கு மேல் ஒரு கூரை பறந்ததைப் பார்த்தவருக்குக் கூரைக்கடியில் நிற்பதுதான் ஆபத்து.

[காட்சி: வரைபடம். வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி.]

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதிதாக ஒரு கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும், அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? பிழைப்பைத் தேடி பஸ் ஏற வேண்டியதுதான்.

"அதுதான் ஊரைவிட்டு வந்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்த வீடியோவே.

[காட்சி: போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு ஓர் அம்புக்குறி.]

2017 செப்டம்பரில் மரியா புயல், அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப்போட்டது. கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்ததாக அரசே பிறகு ஒத்துக்கொண்டது. அங்கிருந்து நிறையப் பேர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்குப் போனார்கள். விசா தேவையில்லை, அதே நாடுதான், ஆனால் பேச்சு வேறு, மனிதர்கள் வேறு, தஞ்சாவூரிலிருந்து பெங்களூரு வருவது மாதிரியே. இந்த இரண்டு பக்கத்தாரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், தீவிலேயே இருந்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பின், அறிகுறிகள் இருந்தன. ஃப்ளோரிடா போனவர்களில்? சுமார் 66 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதிகம் அடிபட்டவர்களே கிளம்பியிருக்கலாம் என்பதும் நியாயமான கேள்வி, ஆனாலும் கிளம்பிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம் கணக்கு இங்கே உதைக்கிறது.

நாளாக ஆக மறந்துவிடும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2005 கத்ரினா புயலில் சிக்கியவர்களை ஒரு குழு தொடர்ந்து கவனித்தது. சில மாதங்களில் சுமார் 15 சதவீதமாக இருந்த பிடிஎஸ்டி, அடுத்த ஒரு வருஷத்தில் சுமார் 21 ஆகக் கூடியிருந்தது.

சரி, இந்தப் பிடிஎஸ்டி என்றால் என்ன? உயிர் போகும் அளவுக்கு ஒன்று நடந்து முடிந்தபின் அந்த நினைவு கூப்பிடாமலேயே திரும்பி வருவது, கனவிலும் விழித்திருக்கும்போதும். அதை ஞாபகப்படுத்தும் இடம், பேச்சு, ஆள் எல்லாவற்றையும் தவிர்ப்பது. எதிலும் பிடிப்பில்லாமல் போவது, "நான் மட்டும் தப்பித்து வந்துவிட்டேனே" என்று தன்னையே திட்டிக்கொள்வது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதிக்க ஆரம்பித்தால்தான் அந்தப் பெயர். புயலில் அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவர்கள் தானாகவே தேறிவிடுகிறார்கள்.

தேறுவதற்கு ஆள் வேண்டும், அங்கேதான் இடம்பெயர்ந்தவர் மாட்டிக்கொள்கிறார். ஊரில் இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் அதே கதைதான், சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இங்கே மேஸ்திரிக்குக் கஜா என்றால் என்னவென்றே தெரியாது. அப்புறம் அட்வான்ஸ் கடன், அரைகுறைக் கன்னடம், போனில் அம்மா "இங்கே நல்ல மழைப்பா" என்று சொல்லும்போது வயிற்றைப் பிசைவது. தூக்கம் வர ஒரு குவார்ட்டர் போதும் என்று ஆரம்பிப்பார்கள். அது தூக்கத்தை இன்னும் கெடுக்கும்.

ஊரில் பெரியவர்கள் "பயந்திருக்கான், மந்திரிச்சு விடுங்க" என்பார்கள். அதை நான் கிண்டல் செய்யமாட்டேன், நாலு பேர் கூடிக் கவனிப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அதோடு நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை, ஏனென்றால் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்றவரோடு அந்த நினைவைப் படிப்படியாக, பாதுகாப்பாக எடுத்துப் பேசும் முறை ஒன்று, பெரும்பாலும் எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை, அது பிடிக்கச் சில வாரம் ஆகும், டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

[காட்சி: ஓசூர் ரோடு, நிம்ஹான்ஸ் வாசல். திரையில் 14416.]

கூட இருப்பவர்கள் கவனிக்க: "என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு" என்று உட்காரவைத்துக் கிளறாதீர்கள், அது கெடுதலாகக்கூட முடியும். காற்று வரும்போது பக்கத்தில் இருங்கள், முடிந்தால் கான்கிரீட் போட்ட தளத்துக்குக் கூட்டிப்போங்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி போன் சேவை டெலி மானஸ், 14416, எந்த நேரமும் இலவசம், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டாம். "புயலுக்கப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.