சங்கு, புட்டி, டம்ளர்

நேயர்களுக்கு வணக்கம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையை டம்ளருக்கு மாற்றுவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆகவே பாலாடையைத் தொடாமல் எனக்கு இந்தப் பேச்சு வராது.

பாலாடை என்றதும் காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஏட்டை நினைத்துவிடாதீர்கள். பால் புகட்டுகிற சங்கைச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய பழைய குடும்பங்களில் தேடினால் வெள்ளியிலோ பித்தளையிலோ ஒன்று அகப்படும். இப்போது எவர்சில்வரில் கிடைக்கிறது. குறைமாதத்தில் பிறந்து, மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து இதில்தான் புகட்டினோம். ஆங்கில மருத்துவப் புத்தகங்களிலும் இதற்குப் பாலாடை என்றே பெயர். எங்களோடு வேலை பார்த்த மராத்தி சிஸ்டர்கள் 'வாட்டி சமச்சா' என்பார்கள், கிண்ணமும் கரண்டியும். சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். இந்தியாவுக்கே அதுதான் முதல் தாய்ப்பால் வங்கி. தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிள்ளையின் கீழ் உதட்டில் கிண்ணத்தின் விளிம்பை வைத்துப் பாருங்கள். பூனைக்குட்டி மாதிரி நாக்கை நீட்டிப் பாலை நக்கும். இதைப் பல வருஷம் பார்த்த என்னிடம் வந்து, "எட்டு மாசப் பிள்ளைக்கு டம்ளர்ல குடிக்கத் தெரியாதே சிஸ்டர்" என்று ஒரு தாய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தெரியாமல் என்ன? நாம் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

அதற்காகப் பழசெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கை வாய்க்குள் கவிழ்க்கிற ஆச்சிகளையும் பார்த்திருக்கிறேன். பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவோடு வார்டுக்கு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சங்கோ டம்ளரோ, ஊற்றக் கூடாது. விளிம்பைக் கீழ் உதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்துக் காத்திருக்க வேண்டும். குடிக்கிற வேலை பிள்ளையுடையது.

எப்போது ஆரம்பிப்பது? ஆறு மாதம் முடிந்து, கஞ்சியும் குழைந்த பருப்புச் சாதமும் ஊட்டத் தொடங்குகிற அன்றைக்கே. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பாட்டு நடுவே சின்ன டம்ளரில் இரண்டு மூன்று மடக்குத் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். டம்ளரில் நிறைய விடாதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீரே முதல் வாரத்துக்குத் தாராளம். பாதி மார்பில் வழியும், ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள். சில பிள்ளைகள் டம்ளர் விளிம்பைக் கடித்துக்கொண்டே குடிக்கும். தாடையை ஆடாமல் நிறுத்த அது கண்டுபிடித்திருக்கிற வழி, கண்டிக்காதீர்கள். ஒரு வயசு வாக்கில் இரண்டு கையாலும் தானே பிடித்துக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

இங்கே நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. நாம் டம்ளரை அண்ணாந்து தூக்கிக் குடிக்கிற ஜாதி. மாதுங்காவில் ஒரு பாட்டி, பத்து மாதப் பேத்தி டம்ளரில் வாய் வைத்ததற்கு "எச்சில் பண்ணாதேடி" என்று பிடுங்கினதை என் கண்ணால் பார்த்தேன். பாட்டி, இந்த ஒரு டம்ளருக்கு மட்டும் எச்சில் பார்க்காதீர்கள். குழந்தைக்கென்று தனியாக வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

சரி, புட்டியிலேயே குடித்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்? முதல் கெடுதல் சுத்தம். தண்ணீர் காலையில் ஓரிரு மணி நேரம் மட்டும் வருகிற, மும்பையில் சால் என்கிற ஒற்றை அறைக் குடியிருப்பில் புட்டியையும் நிப்பிளையும் வேளைக்கு வேளை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொதிக்க வைக்க யாரால் முடியும்? நிப்பிளின் இடுக்கில் ஒட்டிய பால் புளித்து, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. டம்ளருக்கு இடுக்கே கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றினால் ஆயிற்று.

இரண்டாவது, பல். வாயில் புட்டியோடு தூங்குகிற பிள்ளைக்கு மேல் வரிசை முன்பற்கள் முதலில் பழுப்பாகும், பிறகு கரைந்து முளை மாதிரி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுகிறது, பாலைக் கழுவிவிட ஆளில்லை. பாலில் சீனியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்பார்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் இருந்தாக வேண்டியவை. மல்லாந்து படுத்துக் குடிக்கிற பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வருவதும் உண்டு.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எடை பார்க்க ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள், இரண்டரை வயசு. "சாப்பிடவே மாட்டேங்கான் சிஸ்டர், பால் மட்டும்தான்." எத்தனை புட்டி? நாலு, சில நாள் ஐந்து. கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலிருந்து இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். வயிற்றைப் பாலே அடைத்துக்கொண்டால் கீரைக்கும் முட்டைக்கும் இடமேது? ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாக்கெட் ஒன்றுக்கு மேல் பால் தேவையே இல்லை. டம்ளருக்கு மாறினால் அளவு தானாகக் குறையும். 'பால் குறைஞ்சிட்டுதே' என்று பதறாதீர்கள். குறையத்தான் வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒன்றரை வயசுக்குள் புட்டியை நிறுத்திவிடச் சொல்கிறது. என்னைக் கேட்டால் முதல் பிறந்தநாள் கேக் வெட்டுகிற வாரத்திலேயே ஆரம்பித்துவிடலாம். பிடிவாதம் முற்றுவதற்கு முன் காரியம் முடியும். மத்தியானப் புட்டியை முதலில் எடுங்கள், அந்த நேரத்தில் விளையாட்டும் சாப்பாடும் இருப்பதால் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது. நாலைந்து நாள் கழித்துக் காலைப் புட்டி. ராத்திரிப் புட்டி கடைசி. அதை மட்டும் விடமாட்டேன் என்று நிற்கிற பிள்ளைக்குப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீர்ப் புட்டி ஆக்கிவிடுங்கள். நல்ல பால் டம்ளரில்தான் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரியட்டும். ஆனால் இந்தத் தண்ணீர் வித்தை ஒரு வயசு முடிந்த பிள்ளைக்கு மட்டும். அதற்குக் குறைந்த குழந்தையின் பால் பவுடரில் தண்ணீரைக் கூட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கடைகளில் சிப்பர் என்று மூடி போட்ட கோப்பை தொங்குகிறது. கவிழ்த்தாலும் சிந்தாது என்பது அதன் பெருமை. சிந்தாமல் இருக்க உள்ளே ஒரு அடைப்பு இருக்கிறது, அதிலிருந்து பிள்ளை சப்பித்தான் இழுக்க வேண்டும். புட்டிக்கு வேறு சட்டை போட்டது மாதிரி. லோக்கல் ரயிலில் போகிறபோது வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. வீட்டில் டம்ளர் போதும்.

புட்டிக்கு டிவியிலோ ரேடியோவிலோ விளம்பரம் வருவதில்லையே, கவனித்தீர்களா? 1992-ல் நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கிற பால் பவுடருக்கும் அதே தடை. இலவசமாகப் புட்டி கொடுப்பதும் கூடாது. இருந்தும் சீமந்தத்துக்கும் பேர் வைக்கும் விழாவுக்கும் நம் சொந்தக்காரர்களே புட்டி செட்டை ஜிகினாத் தாளில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு எவர்சில்வர் சங்கு வாங்கித் தரலாம்.

ராத்திரிப் புட்டியை நிறுத்துவது ஏன் கஷ்டம் என்று எனக்கும் தெரியும். பத்துக்குப் பத்து அறை. ஆறு பேர் படுக்கை. பிள்ளை வீறிட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சுவரைத் தட்டுவார். முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்குத் தூக்கம் வேண்டும். வாயில் புட்டியைத் திணித்தால் அமைதி. அப்படிச் செய்கிற தாயை நான் திட்ட மாட்டேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிற வாரமாகப் பார்த்து நிறுத்துங்கள், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டு. சாப்பாடு, டம்ளரில் பால், பல் துடைப்பு, பிறகு தட்டிக்கொடுத்து ஒரு தாலாட்டு. மூன்று நான்கு ராத்திரி அழுகை இருக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் நைட் டூட்டி. பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். மூத்தவன் மூன்று வயசு வரைக்கும் புட்டியை விடவில்லை. வார்டில் பாலாடை பிடிக்கிற கையால் வீட்டில் நிப்பிள் கழுவினேன். ஒரு லீவுக்கு ஊருக்குப் போகிற வழியில், சோலாப்பூருக்குக் கொஞ்சம் முன்னால், புட்டி ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது. அவனே தூக்கிப் போட்டானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஸ்டேஷனில் டீக்காரர் கண்ணாடி கிளாஸில் பால் ஆற்றிக் கொடுத்தார். இவன் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து, மேல் உதட்டில் நுரையோடு நிமிர்ந்து "இன்னொண்ணு" என்றான். அது சீனி போட்ட பால். அன்றைக்கு மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

நன்றி. வணக்கம்.