இட்லி அக்காவின் மோதிர விரல்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் நான் வீடியோ போட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று மதியம் நடந்ததை ஞாயிறு வரைக்கும் மனசுக்குள் பூட்டி வைக்க என்னால் முடியாது. மும்பை சீட்டா கேம்ப்பில் எங்கள் வீட்டு மாளாவில், அதாவது உள்ளே போட்ட பரணில், உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு கிரைண்டர். நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது அவர்கள் பிழைப்பு.

விஷயம் என்னவென்றால், இட்லி அக்காவின் வாடகை ஒப்பந்தம் பதிவாகிவிட்டது!

தீபாவளி வீடியோவில் அவரைப் பார்த்திருப்பீர்கள், முகத்தைக் காட்டவில்லை, கையை மட்டும் காட்டினேன். பெயரும் சொல்ல மாட்டேன், அது அவர் கேட்டுக்கொண்டது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு அரைத்து, ஆறு மணிக்கு அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. மகள் நாலாவது படிக்கிறாள். பையனுக்கு ஆறு வயது. இந்தக் குடும்பம் நான்கு வருடத்தில் ஐந்து கோலி மாறியிருக்கிறது. கோலி என்றால் எங்கள் மும்பைப் பேச்சில் ஒற்றை அறை. பதினோரு மாதம் முடிந்ததும் "காலி பண்ணு" என்பார்கள், இல்லாவிட்டால் டெபாசிட்டை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் மகள் இரண்டு மூன்று வாரம் பள்ளிக்குப் போகாமல் நின்றாள். பாத்திரம் சுமக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. ஒரு தடவை மான்குர்த் தாண்டிப் போய் இருந்தார்கள், அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ். அந்த வருடம் பெயர் வெட்டும் அளவுக்குப் போய்விட்டது.

இதனால்தான் எனக்கு ஜூன் மாதம் வந்தாலே எரிச்சல் வரும். பள்ளி திறக்கிற வாரம், யாராவது வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். போன ஜூனில் வந்தவர்கள் எங்கள் சந்துப் பிள்ளைகளை முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, பையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. ஆனால் யாராவது அவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மும்பை மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் பை, சீருடை, காலணி, நோட்டு என்று 27 வகைப் பொருட்களை மாநகராட்சியே இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் பை இருக்கிறது. பையை வைக்க அடுத்த மாதமும் அதே வீடு இருக்குமா என்பதுதான் தெரியாது.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். பையன் விஷயம்தான் இதில் அவசரம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். இங்கே எல்லோரும் அதை ஆர்டிஇ சீட்டு என்பார்கள். இணையத்தில் படிவம், அப்புறம் குலுக்கல். பத்துப் பள்ளி வரை தேர்வு செய்யலாம். ஆனால் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. அதனால் படிவத்திலேயே உங்கள் வீடு எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும். வாடகை வீடு என்றால் பதிவு செய்த ஒப்பந்தம். நோட்டரி போட்டுக் கொடுக்கிற தாள் செல்லாது. மகளுக்கு இதே இடத்தில்தான் வாய்ப்பு போயிற்று. ஒப்பந்தம் இல்லை, முகவரி இல்லை, ஆகவே பள்ளி இல்லை. வீடும் படிப்பும் இரண்டு தனித்தனி உதவி என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த ஒரு படிவத்தைத்தான் காட்டுவேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். பள்ளிப் பட்டியல் போடும்போது கவனமாக இருங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. அக்கா ஆசைப்பட்ட பள்ளி அப்படிப்பட்டதுதான். அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கமெண்டில் போன முறை கேட்டீர்கள். 2024 பிப்ரவரியில் மாநில அரசு விதியை மாற்றியது. ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இந்த இடங்களைக் கொடுக்க வேண்டாம் என்றது. அந்த ஜூலையிலேயே மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே பழைய விதிதான், பயப்படாமல் படிவம் போடுங்கள்.

இப்போது டெபாசிட். இந்தக் கோலிக்கு வாடகை 5,500, டெபாசிட் 40,000. அக்கா கையில் 15,000 இருந்தது. மீதி 25,000-ஐ எங்கள் சந்து அக்காக்கள் குழு கொடுத்தது. தினம் பத்து ரூபாய், வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொள்வோம், நோட்டில் எழுதுவோம். இது நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. 1986-இல் பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள் மகிளா மிலன் என்று சேர்ந்தார்களே, அவர்கள் வழி. அதற்கு முந்தின வருடம்தான் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. வாழ்கிற உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் நடைபாதையைக் காலி செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் உட்கார்ந்து அழவில்லை. தினமும் காசு சேர்த்தார்கள். தங்களுக்கு எந்த அளவில் வீடு வேண்டும் என்று சேலையைக் கட்டி அளந்து பார்த்தார்கள். பதினான்கு அடி உயரம் வேண்டும், அப்போதுதான் உள்ளே மாளா போட முடியும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். மாளா என்றால் ஊர்ப் பரண் மாதிரி, ஆனால் இங்கே சாமான் மட்டும் இல்லை, ஆட்களும் அதில்தான் தூங்குவார்கள், படிப்பார்கள்.

குடிசைவாசிகளுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் பற்றிப் பேசாமல் சீட்டா கேம்ப்பில் யாரும் இந்தக் கதையை முடிக்க மாட்டார்கள். கோலார் தங்கவயல் தமிழர். பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர். என் ஆயாவும் அவரும் ஒரே ஜனதா காலனி. குப்பை அள்ள ஆள் வராதபோது பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைச் சுமந்துகொண்டு போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டியவர். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து எல்லோரையும் இங்கே கொண்டு வந்து விட்டார்கள். சீட்டா கேம்ப் உண்டானது அப்படித்தான். அவருக்கு 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018-இல் காலமானார். காலனியை இடித்து இரவோடு இரவாக லாரியில் ஏற்றியபோது தையல் மெஷினை விட்டுவிட்டு என் அம்மாவின் பள்ளிப் புத்தகத்தை எடுத்து வந்ததாக ஆயா சொல்லும். எனக்கு அது போதும்.

டெபாசிட் எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? அது செலவு இல்லை. குடும்பம் வீட்டைக் காலி செய்யும் நாளில் பணம் திரும்பி வரும். அதே 25,000 இதற்கு முன் இரண்டு குடும்பத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. இட்லி அக்கா மூன்றாவது. பை கொடுத்தால் ஒரு வருடத்தில் கிழிந்துவிடும்.

இனிமேல்தான் இன்றைய கதை. வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வாரம். பதிவு செய்தால் தன் போட்டோபாஸுக்கு, அதாவது குடிசைக்காரருக்கு அரசு கொடுக்கிற அடையாள அட்டைக்கு, ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார். ஒன்றும் ஆகாது, வாடகைச் சட்டப்படி மகாராஷ்டிராவில் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று எடுத்துச் சொன்ன பிறகு தலையாட்டினார். அடுத்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருகிற ஏஜென்ட். முதலில் கேட்டவர் 4,500 என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம் 1,000. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் கால் சதவீதம், இந்த வாடகைக்கு அது சின்னத் தொகைதான். மீதி எதற்கு? அரை மணி நேரம் போனில் பேசினேன். 3,800 வரைக்கும்தான் இறங்கினார், போனை வைத்துவிட்டேன். இரண்டாவது ஆள் செம்பூரிலிருந்து வந்தார், 2,200. அந்த 2,300 மிச்சத்தில் அக்கா மாவுக்கு எத்தனை கிலோ உளுந்து வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

காலை பதினொன்றுக்கு லேப்டாப்பும் ரேகை எடுக்கும் கருவியுமாக வந்தார். வீட்டுக்காரர் பெருவிரலை வைத்தார், உடனே பச்சை. அக்கா வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. எட்டுத் தடவை! இருபது வருடமாக மாவுக்கல், பாத்திரம் தேய்க்கும் பொடி, சுடுபாத்திரம். விரலில் ரேகையே இல்லை மக்களே, வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருக்கிறது. வெந்நீரில் கழுவினோம். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் அழுத்தித் துடைத்தோம். சிவப்பு. அவர் பெட்டியை மூட ஆரம்பித்துவிட்டார். "ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அது எத்தனை நாள் ஆகும்? படிவத்துக்குக் கடைசி தேதி வரும் ஞாயிறு.

அக்கா ஒன்றும் பேசவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். தப்பு செய்த பிள்ளை மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. "ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது, பத்தையும் வைத்துப் பாருங்கள், அதுவரை நீங்கள் போக முடியாது" என்று வாசலில் நின்றுகொண்டேன். அவரும் நல்ல மனிதர், மறுபடி உட்கார்ந்தார். வலது கை ஐந்தும் போயிற்று. இடது சுண்டு விரல், இல்லை. இடது மோதிர விரல். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது.

பச்சை!

ஒன்று நாற்பது மணி. கணவர் படுக்கையிலிருந்தபடியே கை தட்டினார். மகள் ஓடி வந்து அம்மாவின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். அவசரத்துக்கு டீ போட்டேன், ஏஜென்டுக்கு இரண்டு டம்ளர். இட்லியும் கொடுத்தோம், சட்னியோடு. அவர் மராட்டிக்காரர், "இந்த இட்லிக்காகவே மறுபடி வருவேன்" என்றார்.

அப்புறம், அந்தக் கோலியைப் பற்றிச் சொல்லவே இல்லை பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு, சுவர் நல்ல சுவர். மேலே பத்ராவில், அதாவது தகரக் கூரையில், நான்கு ஓட்டை. மழைக்கு முன்னால் தாட்பத்ரி போட வேண்டும், உங்கள் ஊர்த் தார்ப்பாய்தான், அதற்கு இன்னும் மாதம் இருக்கிறது. இப்போதைக்கு மாளா. குர்லா பக்கம் பழைய பிளைவுட் பார்த்து வைத்திருக்கிறோம். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும் உயரம் வேண்டும், குனிந்து எழுதும் உயரம் வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நானும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிதான். இந்த ஊரில் மாநகராட்சி எட்டு மொழியில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று, அது எனக்குப் பெருமை. ஏழாவது முடிந்து வேறு மொழிப் பள்ளிக்கு மாறினபோது இந்த மாளாவில் உட்கார்ந்து இரவெல்லாம் படித்துத்தான் தேறினேன். பல்பு வெளிச்சமும் ஒரு மூலையும் இருந்ததால் முடிந்தது.

நிறையப் பேர் பணம் எங்கே அனுப்பட்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கு அனுப்பாதீர்கள், என் சேனலில் எந்தக் கணக்கு எண்ணும் வராது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடம், பூ கொண்டு வருகிறவரிடம், பதினோரு மாதம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அந்த மாதத்துக்கு டெபாசிட்டில் எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். கடனாகக் கொடுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

பையனின் வருமானச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலிருந்து நாளைக்கு வரும் என்றார்கள். ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதில் சிக்கல் இல்லை. வந்ததும் இதே மாளாவிலிருந்து படிவம் போடுவோம். குலுக்கலில் பெயர் வருமா வராதா, அது யார் கையிலும் இல்லை. வராவிட்டாலும் அவன் அக்கா படிக்கிற மாநகராட்சிப் பள்ளி ஆறு நிமிட நடை, வீடு இப்போதைக்கு மாறாது.

கீழே கூப்பிடுகிறார்கள். தச்சர் வந்துவிட்டார், உயரம் அளக்க அளவு நாடா கொண்டு வரவில்லையாம். அக்கா தன் சேலையைக் கொண்டு வந்திருக்கிறார். இதோ வருகிறேன் அக்கா!