காசிமுக்கு மறந்துபோன சொல்

(சேலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் வந்த வரிசையிலேயே விட்டிருக்கிறேன், சில இடங்களில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், நன்றி.

கதை படிப்பதும் சினிமா பார்ப்பதும் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் எல்லார் வீட்டிலும் கேட்ட குரல்தான் இது. "கதைப் புஸ்தகத்தை மூடிவச்சிட்டுப் பொழப்பப் பாரு." சொல்கிறவர் நம்மேல் அக்கறை உள்ளவர்தான், அதனால் நாமும் பதில் பேசாமல் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டோம். இன்றைக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

இதைச் சேலத்தில் நின்று பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. தமிழ்நாடு முழுக்கப் பார்த்த கனவுகளில் பெரும்பங்கு அந்த வளைவுக்குப் பின்னால் தயாரானது. அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். திரும்பி வந்தவர் மில் கட்டியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள், அவர் கட்டியது ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-ல் வந்தது, அதைத் தயாரித்தது இந்த நிறுவனம்தான். 1940-ல் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டிய ‘உத்தம புத்திர’னும் இவர்களுடையதுதான். ராஜா, ராணி, மந்திரி, கொள்ளைக்காரன், கத்திச் சண்டை, மாறுவேடம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து போயிருக்கின்றன.

அந்தப் படங்களைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தது யார்? அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள், வெள்ளிப் பட்டறையில் கண்ணைக் கூர்மையாக்கி கொலுசுக்கு வளையம் கோத்தவர்கள், மாவும் ஈரமுமாக ஜவ்வரிசி ஆலையில் நின்றவர்கள். தறிக்காரர் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இலங்கை வானொலி பாடும். பாட்டில் காதுக்கு ஊர் உலகமெல்லாம் சுற்ற அனுமதி உண்டு. ஆனால் பாவில் ஒரு இழை அறுந்தால் கை அந்த நொடியே நின்றுவிடும், விரல் தானாக அந்த இடத்தைத் தேடிப்போய் முடிச்சுப் போடும். அப்புறம் மறுபடி பாட்டு. இந்த மனிதரைப் பார்த்து வாழ்க்கையிலிருந்து ஓடுகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய், விடிந்ததும் தறிக்குழிக்குள் கால் வைத்தவர் எங்கே ஓடினார்? அந்த மூன்று மணி நேரம் இல்லையென்றால் அடுத்த நாள் கால் வைக்க அவருக்குத் தெம்பு இருந்திருக்குமா என்று வேண்டுமானால் கேட்கலாம்.

மாயாஜாலக் கதை எழுதுவது பெரியவர்களுக்கு அழகா என்ற கேள்விக்கு ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய ஒரு சொற்பொழிவில் பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் கிடக்கிறவன் வெளியே போக ஆசைப்படுகிறான், அது முடியாதபோது சிறைச் சுவரைத் தவிர வேறு எதையாவது நினைக்கிறான், பேசுகிறான். அதில் என்ன தப்பு? போர்க்களத்தில் தோழர்களை விட்டுவிட்டு ஓடுகிறவன் வேறு ஆள். இரண்டு பேரையும் ஒரே பெயரால் திட்டுகிறோமே என்பது அவருடைய கோபம். இதைச் சொன்னவர் முதல் உலகப் போரில், 1916-ல் பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் பதுங்குகுழியில் இருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை என்றால் என்ன, ஓடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கனவுக் கதை ஆறுதல் மட்டும்தான் தருகிறது என்று ஒத்துக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும்.

‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1950, இதே மாடர்ன் தியேட்டர்ஸ். மு. கருணாநிதி வசனம். குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்த கரு. பார்க்கப் போனவர்களுக்கு அது ராஜா ராணிப் படம்தான். கத்தி, குதிரை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் அரண்மனையை ஆட்டிவைக்கிறவர் ராஜகுரு, ஊரைக் கொள்ளையடிக்கிறவன் அந்த ராஜகுருவின் மகன். 1950-ல் திரையில் அப்படி ஒரு ராஜகுருவை நிறுத்தினால் அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது யாரைப் பற்றி என்று புரிந்தது. அந்தக் கொள்ளைக்காரன் தன்னைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண்ணை இனிமையாகப் பாடிக்கொண்டே மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. அவள் கடைசியாக ஒரு தடவை உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றி வருகிறாள். பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

கல்லானாலும் கணவன் என்று கேட்டு வளர்ந்த பெண்கள் அந்த அரங்கத்தில் முறுக்கும் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கொல்ல வந்தவன் புருஷனாகவே இருந்தாலும் அவனிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் எந்த மேடையில் அவர்களிடம் நேராகச் சொல்லியிருக்க முடியும்? மலையும் மகுடமும் இருந்ததால் சொல்ல முடிந்தது. கதை வெகுதூரத்தில் நடக்கிறது என்ற சாக்கில் வீட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது.

நம்ம பக்கத்துக் கூத்தில் இது எப்போதும் உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய பாரதம் நடக்கும். துரியோதனன் தர்பாரில் கட்டியங்காரன் நுழைந்து உள்ளூர் ரோட்டைப் பற்றியும் ரேஷன் கடையைப் பற்றியும் ஊர்ப் பெரியவரைப் பற்றியும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவான். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நட்டு வைத்த மரத்தில் அர்ச்சுன வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே காத்திருப்பார்கள், மேலிருந்து அவர் போடுகிற எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்திக்கொள்வார்கள். எது கதை, எது வாழ்க்கை என்று அங்கே போய்க் கோடு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம். என்னால் முடியாது.

பெண்கள் படிக்கிற நாவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல், வாடகை நூலகத்திலிருந்து கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன குடும்ப நாவல் எல்லாவற்றையும் இலக்கியக் கூட்டங்களில் ஒரு சிரிப்போடு தள்ளிவிடுகிறோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற கால் மணி நேரத்தில், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் மடித்த புத்தகமுமாக நிற்கிற அம்மாவுக்கு அந்த வீட்டில் தனக்கென்று இருக்கிற இடம் அந்தப் பக்கம் மட்டும்தான். அதில் வருகிற கதாநாயகன் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான். மன்னிப்பே கேட்காத வீட்டில் அது சின்ன விஷயமா?

எல்லாக் கனவும் நல்ல கனவு என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்கிற பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதுதான் காதல் என்று நம் சினிமா தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, அதை நம்பிய பையன்கள் தெருவுக்குத் தெரு நின்றிருக்கிறார்கள். அதற்குப் பெயர் தப்பித்தல் இல்லை, தப்பான பாடம். அதைத் தனியாகத் திட்ட வேண்டும், திட்டுகிறேன்.

என் உண்மையான கவலை வேறு. அதற்கு ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ படத்துக்குப் போக வேண்டும். 1956, பொங்கல் வெளியீடு, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், நம் ஊர்த் தயாரிப்பு. கதை வந்த வழியே ஒரு கதை. ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அலிபாபா கிடையாது. ஹன்னா தியாப் என்கிற இளைஞர், சிரியாவில் அலெப்போ நகரத்துக்காரர், பாரிஸுக்கு வந்திருந்த இடத்தில் 1709-ல் அந்துவான் கலான் என்ற மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கதையைச் சொல்ல, அவர் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். கதை சொன்னவர் ஊர் திரும்பித் துணி வியாபாரம் செய்து பிழைத்தார். ஜவுளிக்காரர் சொன்ன கதையை இரண்டரை நூற்றாண்டு கழித்து, ஜவுளி படித்த ஒருவர் ஜவுளி ஊரில் படமாக எடுத்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சரி, கதைக்கு வருவோம். குகை வாசலில் சொல்ல வேண்டியது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், "திறந்திடு சீசேம்". அலிபாபா சொல்கிறான், குகை திறக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொண்டு அதே சொல்லைச் சொல்லி வெளியே வந்துவிடுகிறான். அடுத்து அண்ணன் காசிம் போகிறான். படத்தில் எம்.ஜி.ஆரின் சொந்த அண்ணன் சக்கரபாணியே காசிமாக நடித்திருப்பார். அவனும் சொல்லைச் சொல்லித்தான் உள்ளே போகிறான். தங்கத்தையும் கல்லையும் பார்த்த பார்வையில் எல்லாம் மறந்துபோகிறது. மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறான், சொல் வாயில் வரவில்லை. குகை அவனை விடவில்லை, திருடர்கள் வந்து வெட்டிப் போடுகிறார்கள்.

இரண்டு பேரும் போனது ஒரே குகை, பார்த்தது ஒரே புதையல். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அதுதான். நாம் எந்நேரமும் உள்ளே போவது சரியா தப்பா என்று சண்டை போடுகிறோம். வெளியே வர வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய கதைக்காரர்கள் அந்த வழியைக் கதைக்குள்ளேயே கட்டி வைத்தார்கள். ஆயிரத்தொரு இரவுகளில் ராஜாவுக்குக் கதை சொல்கிற ஷெஹர்ஸாத் விடிந்ததும் நிறுத்திவிடுவாள், ராஜா எழுந்து ராஜ்ஜியத்தைப் பார்க்கப் போக வேண்டும். கூத்து எவ்வளவு நீண்டாலும் சூரியன் வந்தால் முடிந்தது, முகத்தில் அரிதாரம் காய்ந்து வெடித்த கர்ணனே டீக்கடை பெஞ்சில் வந்து நம்மோடு உட்கார்ந்துவிடுவார். படம் முடிந்தால் ‘வணக்கம்’ போட்டார்கள், விளக்கைப் போட்டார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்தது. ஒரு வாரம் வந்தியத்தேவன் ஆபத்தில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், ஏழு நாள் பொறுக்க வேண்டும். அந்த ஏழு நாளில் வீட்டு வேலை நடந்தது, இனி என்ன ஆகும் என்று திண்ணையில் சண்டை நடந்தது, அடுத்த அத்தியாயத்தை ஒவ்வொருவரும் மனசுக்குள் எழுதிப் பார்த்தார்கள். பக்கங்களைச் சேர்த்து வைத்து பைண்ட் செய்த வீடுகள் எத்தனையோ.

இன்றைக்குக் கையில் இருக்கிற போனில் முடிகிற இடம் என்பதையே நீக்கிவிட்டார்கள். தெரியாமல் நடந்ததல்ல, யோசித்துச் செய்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற திரையை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்கு முன்னால் பக்கம் முடியும், அடுத்த பக்கத்துக்கு நாமாக அழுத்த வேண்டும். போதும் என்று எழுந்திருக்க அங்கே ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடிதான் போய்விட்டது. பின்னால் அவரே இதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். தொடர்களிலும் அதே கதை, ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

அங்கே கதையும் கிடையாது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அரை நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு, அரை நிமிஷத்துக்கு ஒரு அழுகை, யாரோ சமைக்கிறார், யாரோ அடிபடுகிறார். மந்திரி குமாரியைப் பார்த்தவர் வீட்டுக்கு வந்து நாலு நாள் அவளைப் பற்றிப் பேசினார். இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை விரலால் தள்ளியவரை எழுப்பி என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள், ஒன்றைக்கூட முழுசாகச் சொல்ல முடியாது.

பேச்சு முடிந்ததும் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எந்நேரமும் போனில் பேய்க்கதையும் காதல் கதையும் படிக்கிறாள், பாடத்தில் கவனம் போகிறது, நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டார். என்னால் முடிந்த பதிலைச் சொன்னேன். நிறுத்தச் சொல்லாதீர்கள் டீச்சர். முதலில் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள், அவள் எதிலிருந்து தப்பிக்கிறாள் என்பது பாடத்தைவிட அவசரமான விஷயமாக இருக்கலாம். அப்புறம், படித்த கதையை உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முழுசாக, முதலிலிருந்து கடைசி வரை. சொல்வதற்கு அவள் கதையை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். நன்றாகச் சொன்னால் பள்ளி நூலகத்து அலமாரிச் சாவியை வாங்கி அவள் கையில் கொடுத்து, மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அலமாரி இருக்கிறது, சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது, திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.